ஆடி மாதத்திலும் நூறு சதவீத வருகை

தனபாக்கியம் மேடம் இறந்துவிட்டார். இன்று காலை பள்ளி வாட்ஸ்அப் குழுவில் மராத்தியில் இரண்டே வரி, கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

தேஹு ரோடு என்னும் ஊரில் எங்கள் அறக்கட்டளை நடத்தும் பள்ளிக்குப் பல வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். அவருடைய அப்பா, தாத்தா இருவரும் அங்கே ராணுவ டெப்போவில் வேலை பார்த்தவர்கள். வேலூர்ப் பக்கத்துத் தமிழ், நடுநடுவே இந்தி.

நான் இப்படியெல்லாம் எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை...

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, அறக்கட்டளையின் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே சாஃப்ட்வேர் கொண்டுவரும் பொறுப்பை நான் எடுத்திருந்த நேரம். பிம்ப்ரியில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் இருந்தபடியே எந்த வகுப்பில் எத்தனை பேர் என்று பார்த்துவிடலாம்.

முதல் பயிற்சி வகுப்புக்கு மேடம் நீளமான ஒரு நோட்டோடு வந்தார். நான் கொடுத்த டேப்லெட்டை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

"நீ எந்த ஊரும்மா?"

"கோயமுத்தூருங்க, மேடம்."

"அதான் இவ்ளோ மரியாதையா பேசற. உன் மிஷினுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு. அரே, ஒரு தபா தப்பா தட்டிட்டா செவப்பா கத்துது!"

அறை முழுக்கச் சிரித்தது. எனக்கு லேசான எரிச்சல்.

அடுத்த வருடம் ஜூலை. மழையில் மற்றப் பள்ளிகளின் வருகை விழுந்துகொண்டிருக்க, தேஹு ரோடு மட்டும் தினமும் பச்சை. நூறு சதவீதம். எண்கள் இவ்வளவு அழகாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். லோக்கல் ரயில் பிடித்து, சொல்லாமல் போய் நின்றேன்.

ஒன்பதாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி.

"பிள்ளைங்கெல்லாம் எங்கீங்க, மேடம்?"

"ஊருக்குப் போயிருக்காங்க. ஆடி மாசம், அம்மனுக்குக் கூழ் ஊத்த வேணாவா? டிக்கெட் கெடைக்கிறப்ப வருவாங்க."

"அப்புறம் எதுக்குங்க பிரசன்ட் போட்டிருக்கீங்க?"

"போடலன்னா உன் மிஷின் பேரை எடுத்துடுதே!"

உண்மைதான். தொடர்ந்து பத்து நாள் வராத மாணவரின் பெயர் தானாக நீங்கிவிடும், அந்த இடம் காத்திருப்பவருக்குப் போகும். பத்து என்று சொன்னது நான். ஒரு மீட்டிங்கில், டீ வருவதற்குள் முடிவான எண்.

முந்தைய வருடம் ஒரு பெண் ஊரிலிருந்து திரும்பியபோது இடம் போயிருந்ததாம். "அவ அப்பன், சரி வூட்லயே இருன்னுட்டான். அவனுக்கு ஒரு சாக்கு போதும்" என்றார். "இந்த வருஷம் ஒரு பேரும் போவாது. நான் பாத்துக்கறேன்."

நோட்டைத் திறந்து காட்டினார். யார் எந்த ஊரில், திரும்பி வர எந்த ரயில், அம்மாவின் போன் நம்பர். என் திரையில் இது எதுவும் கிடையாது.

நான் ரிப்போர்ட் எழுதினேன். வராத இருபத்து மூன்று பேருக்கு வருகை போடப்பட்டிருக்கிறது என்று.

பொய்ப் பதிவு பொய்ப் பதிவுதான் என்று அன்று நினைத்தேன். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்... அதுதான் இம்சை.

விதியை மாற்ற வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்தப் பக்கம் வரை யாரும் போனதாகத் தெரியவில்லை. அடுத்த வாரமே மேடத்தைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கி, ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கச் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது.

"ரிப்போர்ட்டு நீ எழுதினதா?"

"ஆமாங்க, மேடம்."

"நல்லாத்தான் எழுதிக்கிற. ஆனா கணக்கு தப்பு. இருவத்தி மூணு இல்ல, இருவத்தஞ்சு. ஒம்பதாங்கிளாஸ்ல ரெட்டப் புள்ளைங்க, ஒரு பையன் ஒரு பொண்ணு. அந்த ரெண்டு பேர வுட்டுட்ட."

"எல்லாரும் திரும்பி வந்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்? அந்த ரூம்ல இப்ப நான் இல்லியே. உன் மிஷினாண்ட கேளு."

கேட்டேன். புதிய தலைமையாசிரியர் உள்ளதை உள்ளபடி பதிந்திருந்தார். நான்கு பெயர்கள் நீங்கியிருந்தன. அதில் இரண்டு அந்த இரட்டையர்.

நான்கு வீட்டுக்கும் போன் செய்தேன், இரண்டு வீட்டுக்கு நேரில் போனேன். மூன்று பேரை மறுபடி சேர்க்க முடிந்தது. பையன் வந்தான். கூடப் பிறந்தவளை அதற்குள் ரஞ்சன்காவ் ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள.

"அவ அங்கயே இருக்கட்டும் மேடம், பையன் வரானில்ல" என்று என்னிடம் சொன்னார் அவர்களின் அப்பா. பையனின் படிவத்தில் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஜூனில் விதி மாறியது. பத்து இப்போது நாற்பத்தைந்து. நானே கேட்டு வாங்கியது.

மேடத்திடம் அதைச் சொல்லவில்லை. இரண்டு முறை நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். விதி மாறியதைச் சொன்னால் சந்தோஷப்படுவார், அடுத்து, எல்லாரும் திரும்பி வந்தார்களா என்று கேட்பார்.

நான்கு மணிக்கு எடுக்கிறார்களாம். கிளம்பியாக வேண்டும்... அங்கே பாதிப் பேருக்கு நான் யார் என்று தெரியும்.

மூன்று பேர் வந்துவிட்டார்கள், மேடம். ஒருத்தி வரவில்லை. நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.