ஐஸில் வைக்கக் கூடாத ரத்தம்

சதுரங்கப்பட்டினத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவருக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. மறுநாள் காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் முதல் மருந்து ஏற்றப் போகிறார்கள். அதற்குள் எனக்கு அவருடைய ரத்தம் வேண்டும். மருந்து ஏறிவிட்டால் அதற்கு முந்தைய ரத்தம் உலகத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

நம் உடம்பின் செல்கள் ஓயாமல் நுண்ணிய பைகளை ரத்தத்துக்குள் உதிர்க்கின்றன. அவற்றுக்குள் ஆர்.என்.ஏ. துணுக்குகள் இருக்கும். கட்டி அனுப்பும் பைகளில் என்ன இருக்கிறது, மருந்துக்குப் பிறகு அது மாறுகிறதா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

அக்காவின் வீட்டுக்கே போனேன். நரம்பு லேசில் பிடிபடவில்லை. குத்திக் குத்தி ஒருவழியாக எடுத்து, ட்யூப்களைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்தேன். வாசலில் ஐஸ் வண்டி ஹாரனை அலறவிட்டது. என் ஸ்கூட்டர் வழியை மறித்து நின்றது. அதை நகர்த்திவிட்டு வருவதற்குள் அக்காவின் வீட்டுக்காரர் உடைத்த ஐஸை வாரிக் கொட்டி, ட்யூப்களைக் கழுத்துவரை புதைத்துவிட்டார்.

"இன்னாமா, இந்த வெயில்ல வெறும் பெட்டில வச்சிகினு போறே? கெட்டுப் பூடும்ல. நல்ல ஐஸு, இப்பதான் எறக்குனாங்க."

"ஐயோ அண்ணே! உங்களை யார் அதைத் தொடச் சொன்னது?" கத்தியே விட்டேன். குளிர் பட்டால் ரத்தத்தின் தட்டணுக்கள் மிரண்டுபோய்த் தங்கள் பைகளைக் கொட்டித் தீர்த்துவிடும். அந்தக் கூட்டத்தில் கட்டியின் பையை எங்கே போய்த் தேடுவது? ரத்தத்துக்கு ஐஸ் ஆகாது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

"அப்ப அவ ரத்தம் வீணா பூட்ச்சா?"

புண்ணாகிக் கிடக்கிற கையை மறுபடி நீட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளேயிருந்து அக்காதான் கூப்பிட்டார்.

"அந்தாளு அப்டித்தான், எத பாத்தாலும் ஐஸ கொட்டும். நீ வா கண்ணு. இந்தக் கைல எடு."

"இதனால உங்களுக்கு ஒரு பலனும் இல்லக்கா." சொல்லாமல் ஊசியை எடுக்க மனசு கேட்கவில்லை.

"அதத்தான் அப்பவே சொன்னியே. குத்து."

ஊசி தடுமாறினால் சிவப்பணுக்கள் உடைந்து இதுவும் கெட்டுவிடும். நரம்பை விரலால் தடவிப் பார்த்துக் குத்தினேன். அண்ணன் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. ரத்தம் மெல்ல ஏறியது.

சிறுசேரி பக்கம் கம்பெனி வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே சந்து பொந்தில் புகுந்து லேப் போய்ச் சேர்ந்தேன். ட்யூப்களை எந்திரத்தில் சுழற்றி எடுத்தபோது மேலே தெளிந்த மஞ்சள் நீர் நின்றது. சிவப்பு துளியும் கலக்கவில்லை. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார்.

"ரத்தம் நல்லாகீதாமா?"

"நல்லா இருக்குண்ணே. கெடலை."

"அப்ப அவளுக்கும் நல்லாயிடும்ல?"

"நல்லாகணும்ணே" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.