கிழக்கேகோட்டை மழையில் சொன்னது யார்

வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். மகள் கோழிக்கோட்டில் வேலை பார்க்கிறாள், மகன் சென்னையில் படிக்கிறான். அவர்கள் இருந்த அறையில் சுவரோரமாக ஒரு பெரிய அட்டைப்பெட்டி இன்னும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த வரலாற்றுப் பாடங்களின் பெட்டி. என் கணவர் அதன்மேல் இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்கி வைக்கிறார். தூக்கிப் போடுங்கள் என்று நானும் சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். எனக்கும் மனசு வராது என்பது அவருக்குத் தெரியும், அதனால் காதில் வாங்குவதில்லை.

அந்தப் பெட்டி வந்த வருஷம் மகள் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாள். படிப்பு வராத பெண் இல்லை. ஆனால் வரலாற்று வகுப்பில் எழுந்து நின்று பதிலை வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். இவளுக்கு நின்றதும் தொண்டை அடைத்துவிடும். தெரிந்த பதிலையும் சொல்ல வராமல் மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பாள். பிறகு காலையில் பள்ளி வண்டியின் சத்தம் கேட்டாலே வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். டாக்டர்கள் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார்கள். எனக்கு எல்லார் மேலும் கோபம். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் வீட்டிலேயே படிக்கட்டும், பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதட்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு வயது இளையவனும் உடனே நின்றுகொண்டான். அவனுக்கு வயிற்றுவலி எல்லாம் இல்லை, பொறாமை.

என் கணவர் இங்கே திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறார். சாயங்காலம் வரவும் செலவும் ஒத்துவந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். பெண் வீட்டிலிருப்பது அவருக்கு ஒத்துவராத கணக்காக இருந்தது. பயம்தான், ஆனால் அதைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும்.

"ஓணம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரித்திரத்துல ஒரு பாடத்தையாவது நாலு பேர் முன்னால வாயைத் தொறந்து சொல்லணும். இல்லேன்னா லீவு முடிஞ்சதும் பழைய பள்ளிக்கூடந்தான். நான் பேசி வச்சிருக்கேன்" என்றார்.

மகளின் கை வயிற்றுக்குப் போனது. கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் தானாகவே படித்துக்கொள்வாள். வரலாற்றை எந்தப் பாடத்திட்டத்தில் படிப்பது என்பதைத்தான் நான் சரியாகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மிட்டாய்க் கடையில் ருசி பார்ப்பது போல ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரிப் பாடம் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். முதலில் வந்தது அந்தப் பெட்டி. வழவழப்பான தாள், வண்ண வண்ணப் படங்கள், சுவரில் ஒட்டுவதற்கு ஒரு நீளமான காலக்கோடு. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மகன் காலக்கோட்டைத் தரையில் விரித்து அதன்மேல் படுத்து, "அம்மா, நம்ம நாடு என் முழங்கால்ல தொடங்கி முழங்கால்லயே தீர்ந்து போச்சு" என்றான். மகள் படங்களைப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். அடுத்தது டியூஷன் சென்டரில் கிடைத்த கைடு. கேள்வி, பதில், கேள்வி, பதில். அவள் முதல் பக்கத்தைத் திறந்ததுமே நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் மியூசியம் வளாகத்து மரத்தடியில் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கும் சிலர் கூடுவோம். அங்கே வந்த ஒரு அம்மா மூன்றாவதைச் சொன்னாள். சில ஆசிரியர்கள் சேர்ந்து தயாரித்தது, பிள்ளைகளே ஆராய்ந்து எழுதும் வரலாறு என்றாள். தபாலில் மாதிரிப் பாடமாக வந்தது நாலைந்து தாள்தான். ஒரு படம் கிடையாது. மெலிந்திருக்கும் எதையும் நான் வாங்குவதில்லை, முருங்கைக்காய் உட்பட. வேண்டா வெறுப்பாகத்தான் மகளிடம் நீட்டினேன்.

அதில் இருந்தது இவ்வளவுதான். உங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அங்கே இருந்த இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியக்கூடாது. இருவரும் ஒத்துப்போவதை ஒரு பக்கம் எழுதுங்கள். ஒத்துப்போகாததற்கு மூன்றாவது சாட்சி தேடுங்கள். கிடைக்காவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள்.

மகள் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "தெரியலேன்னு எழுதலாமா? மார்க் குறைக்க மாட்டாங்களா?" என்றாள். குறைக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்தேன்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி, நாங்கள் ஏன் திருவனந்தபுரம் வந்தோம் என்பது. இதில் ஆராய என்ன இருக்கிறது, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று நினைத்தேன். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே பேசினேன். மகன் போனில் பதிவு செய்தான்.

கல்யாணமான புதிதில் திருநெல்வேலியில் கூட்டுக்குடும்பம். ஒருநாள் இருவருமாகப் பத்மநாபசாமி கோவிலுக்கு வந்தோம். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கிழக்கேகோட்டையில் பேய்மழை. தம்பானூருக்குப் போய் ஊர் பஸ் பிடிக்க வேண்டும், நகர முடியவில்லை. கோவில் கோபுரம் தெரிகிற ஒரு கடையோரமாக ஒதுங்கி நின்று, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி ஒன்று வாங்கி ஆளுக்குப் பாதி தின்றோம்.

"அப்பதான் உங்கப்பா சொன்னாக, 'இந்த ஊர்லயே இருந்துரலாம் போல இருக்கு'ன்னு. அண்ணன் நிழல்லயே வளர்ந்த மனுசன். தனக்குன்னு ஒண்ணு கேட்டதே கெடையாது. எனக்கு எங்கம்மா வீடு அடுத்த தெரு, விட்டுட்டு வர மனசே இல்ல. ஆனா அவுக முகத்தைப் பாத்தேன், சரின்னுட்டேன்" என்றேன்.

"ஷரி. நீ சரின்னு வாய் திறந்து சொன்னியா?" என்று கேட்டாள், இங்கேயே வளர்ந்து மலையாளம் கலந்து பேசும் மகள்.

யோசித்தேன். "சிரிச்சேன்" என்றேன்.

மறுநாள் காலை அவர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகும்போது இரண்டு பேரும் கூடவே போனார்கள். திரும்பி வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன். "சாட்சிகள் தம்மில் பேசக்கூடாது" என்றாள் மகள். மகனைத் தனியாகப் பிடித்து, அடை வார்த்துக் கொடுத்துக் கேட்டேன். அடையைத் தின்றுவிட்டுச் சிரித்தான், அவ்வளவுதான். அன்றிலிருந்து சாப்பிடும்போது நானும் அவரும் ஒருவரையொருவர் திருட்டுப் பார்வை பார்த்துக்கொண்டோம். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

அந்த நாட்கள்தான் எனக்கு இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. பள்ளி வண்டியின் சத்தத்துக்கே நடுங்கியவள் தம்பியை இழுத்துக்கொண்டு கிழக்கேகோட்டை முழுக்கச் சுற்றினாள். கடை கடையாக ஏறி, முன்பு இங்கே பழம்பொரி விற்றவர்கள் யார் என்று மலையாளத்தில் விசாரித்தாள். ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். பத்மதீர்த்தக் குளக்கரையில் உட்கார்ந்து, எந்தக் கூரைக்கடியில் நின்றால் நாங்கள் சொன்னதுபோல் கோவில் கோபுரம் தெரியும் என்று இருவரும் சண்டை போட்டார்கள். நனைந்து வீட்டுக்கு வந்து தலை துவட்டக்கூட நிற்காமல் பேசுவார்கள். வீட்டில் சத்தம் திரும்பி வந்திருந்தது. எனக்கு அது போதும் என்றிருந்தது, ஆனால் ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தத்தன்று வாசலில் பூக்களம் போட்ட பிறகு மகள், "நாளைக்கு சாயந்திரம் வாசிக்கறேன்" என்றாள். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவை அவளே போய்க் கூப்பிட்டாள். அந்த அம்மா ஓணத்துக்கு வறுத்த நேந்திரங்காய் உப்பேரியோடு வந்து உட்கார்ந்தார். நான், அவர், மகன், வீட்டுக்கார அம்மா. அப்பா கேட்ட நாலு பேர் கணக்கு சரியாக இருந்தது.

எழுந்து நின்றாள். கையிலிருந்த தாளை விரித்தாள். நான் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டேன். தொண்டையைச் செருமினாள், ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு மகனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் போனில் பதிவை ஓடவிட்டான். நான் சொன்னது முதலில் வந்தது. என் கணவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு அவருடைய குரல்.

"உங்கம்மாதான் சொன்னா, 'இந்த ஊர்லயே இருந்துரலாம் போல இருக்கு'ன்னு. எனக்கு மனசுல தச்சுட்டு. வீடு நெறைய ஆளு, அவளுக்கு மூச்சு முட்டுதுன்னு எனக்குத் தெரியும்லா. ஒண்ணும் கேக்காதவ ஒண்ணு கேட்டுட்டா. உடனே வந்து வேலை தேடினேன். எனக்கென்னட்டி, ஆத்துல விழுந்து குளிச்சவன், இங்க பக்கெட்டுல கோரிக் குளிக்கேன். பரவாயில்ல, அவ சிரிக்கா."

எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஆறு வேண்டுமென்று ஒரு தடவை சொல்லியிருந்தால் என்னவாம்? வீட்டுக்கார அம்மா உப்பேரியை வாய்க்குப் பாதிவழியில் நிறுத்தி, "ஈஸ்வரா! அப்போ ரெண்டு பேரும் வேண்டாம்னு நெனச்சுட்டே இங்கே வந்ததா?" என்றார்.

"நான் சொல்லல" என்றார் அவர். "நானும் சொல்லல" என்றேன். உனக்கு ஞாபகம் இல்லை, உங்களுக்குத்தான் ஞாபகம் இல்லை என்று நாங்கள் குரலை உயர்த்த, மகள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மூணாவது சாட்சி இருக்கு" என்றாள். திருநெல்வேலியிலிருக்கும் பெரியம்மா, என் கணவரின் அண்ணி. போனில் கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் கோழி மாதிரி நனைஞ்சு வந்து நின்னாக. உங்கப்பா என்னத் தனியாக் கூப்ட்டு 'மைனி, அவளுக்கு அந்த ஊரு பிடிச்சுப் போச்சு'ன்னாரு. கொஞ்ச நேரங் கழிச்சு உங்கம்மா அடுப்படியில வந்து 'அக்கா, அவுகளுக்கு அந்த ஊரு பிடிச்சுப் போச்சு'ன்னா. நான் எதுக்கு நடுவுல? ஒரு ரூம்பு காலியாகுதேன்னு இருந்துட்டேன்."

வீட்டுக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்து வாசித்தாள். மழை பெய்தது என்பதில் இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகிறார்கள். பழம்பொரி ஒன்றுதான், பாதி பாதி. அந்த வாக்கியத்தை யாரோ சொன்னார்கள். மற்றவர் சொன்னதாக இருவரும் நம்பினார்கள், இப்போது அல்ல, அன்றைக்கு மாலையே நம்பினார்கள். மற்றவருக்காகவே இருவரும் வந்தார்கள். சொன்னது யார் என்று தெரியவில்லை.

கடைசிச் சொல்லில் குரல் உடையவில்லை. நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரால் அந்த 'தெரியவில்லை'யைத் தாங்க முடியவில்லை. கணக்கை முடிக்காமல் அவருக்குப் பழக்கமில்லை. எழுந்து இரண்டு நடை நடந்தார். "சரிட்டி, நான்தான் சொன்னேன். அப்படியே எழுதிக்கோ. முடிஞ்சுது" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எழுதிக்கொண்டால் அவர் மனசு குளிரும், பள்ளிக்கூடப் பேச்சும் முடிந்துபோகும். எழுதித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

மகள் அப்பாவை நேராகப் பார்த்தாள். "எழுத மாட்டேன் அப்பா. அது நீங்க இப்ப சொல்றது, அல்லே? அன்னிக்கு நீங்க சொன்னதுக்கு சாட்சி இல்ல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுந்து நின்றால் வாய் திறக்காத பெண், தன் தலையெழுத்தை எழுதப் போகிறவரிடமே முடியாது என்று சொல்லிவிட்டு நிற்கிறாள்.

"பரீட்சையில இதெல்லாம் கேக்க மாட்டானே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அதுக்குள்ள புஸ்தகத்தையும் படிப்பேன். ஒவ்வொண்ணும் யார் சொன்னதுன்னு கேட்டுக்கிட்டே படிப்பேன்."

அவர் உட்கார்ந்தார். உப்பேரியில் ஒன்றை எடுத்துக் கடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மூணாவது பாடத்திட்டத்தையே முழுசா வரவழைச்சிரு" என்றார்.

நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். நான் தேர்ந்தெடுக்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. என்னிடம் விட்டிருந்தால் வழவழப்பான பெட்டியைத்தான் எடுத்திருப்பேன்.

மகள் பரீட்சை எழுதித் தேறினாள். வரலாற்றில் பிரமாதமான மார்க் ஒன்றும் இல்லை. இப்போது பார்க்கும் வேலைக்கும் வரலாற்றுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் போனில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "நீ பார்த்தியா, கேட்டதா?" என்று கேட்பாள். எரிச்சலாக வரும், வைத்த பிறகு சந்தோஷமாக இருக்கும்.

பிள்ளைகள் போன பிறகு, ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று இருவரும் யோசித்தோம். இந்த முறை வாய் விட்டே பேசினோம். அவருடைய ஆறு அங்கேதான் இருக்கிறது. என் அம்மா இப்போது இல்லை. பேச்சு முடியாமலே நின்றது.

போன மாசம் சாலை என்கிற கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கிழக்கேகோட்டையில் மழை பிடித்துக்கொண்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஒரு கடையோரமாக ஒதுங்கினோம். அவர் பழம்பொரி வாங்கினார். இந்த வயதில் எண்ணெய் ஆகாது என்று ஒன்றே ஒன்று வாங்கிப் பாதி கொடுத்தார். மழைக்குள் கோபுரம் மங்கலாகத் தெரிந்தது. அப்போது அந்த வாக்கியம் திரும்ப வந்தது. உடனே மகளுக்குப் போன் போட்டு, நேரில் இருந்தவளாகச் சாட்சி சொன்னேன். பக்கத்திலிருந்தவரும் போனை வாங்கி அதையே சொன்னார். இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போனோம். "இந்த ஊர்லயே இருந்துரலாம் போல இருக்கு" என்று இந்தத் தடவை சொன்னது நான்தான்.