வேண்டுதலுக்கு அஞ்சிச் சுருட்டிய முடி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையின் ஸ்டோர் பொறுப்பாளராக நான் இருந்தபோது தொடங்கியது இது. அதற்கு முன் கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பணி. ஓய்வு பெற்று ஹெல்மெட்டைக் கழற்றியபோது முன்தலையில் எஞ்சியிருந்தது பளபளப்பு மட்டுமே. அறுபத்தோராம் வயதில் எனக்கு ஓர் ஆசை பிறந்தது. சென்னைக்குச் சென்று, பின்தலை முடியை எடுத்து முன்தலையில் நடும் சிகிச்சையைச் செய்துகொண்டேன்.

வீடு திரும்பும் வழியில், திருத்தணி முருகனுக்கு என் தலைமுடியைக் காணிக்கையாகத் தருவதாக வேண்டிக்கொண்டதாக என் துணைவியார் தெரிவித்தார். நட்டது வளருமுன்பே மொட்டையா என்று திகைத்துப்போனேன். எதற்காக வேண்டினார் என்று கேட்கத் தோன்றவில்லை. முடி நன்றாக முளைப்பதற்காகத்தான் இருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

நட்ட முடி முதலில் உதிர்ந்தது. சில மாதங்களில் மீண்டும் முளைத்தது. ஆனால் என் முடியைப் போல இல்லை. இயல்பாகப் படியும் முடி, முரட்டுச் சுருள்களாக விறைத்து நின்றது.

"இன்னா நைனா, நம்ம லேத்துல சீவின இரும்புப் பிசிரெல்லாம் உன் மண்டையில ஒட்டிக்கினு கீது" என்றார் பட்டறையில் லேத் என்னும் கடைசல் எந்திரம் ஓட்டுபவர்.

"காந்தம் வெச்சா வந்துடும்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

நட்ட முடி தொடக்கத்தில் சிலருக்கு அப்படித்தான் இருக்கும், ஓராண்டு ஒன்றரை ஆண்டில் பெரும்பாலும் பழைய தன்மைக்குத் திரும்பிவிடும் என்று மருத்துவர் ஆறுதல் கூறினார்.

துணைவியார் திருத்தணியை நினைவூட்டும்போதெல்லாம் அந்தச் சுருள்தான் எனக்காக வாதாடியது. "முடி இன்னும் நல்லா வர்லியே, வரட்டும் பாக்கலாம்" என்பேன். மழித்தாலும் வளரும் என்று அறிவு சொன்னது. மறுபடி அந்த இரும்புச் சுருளே வளர்ந்தால் என்று அச்சம் சொன்னது.

மருத்துவர் வாக்கு பலித்தது. ஓராண்டு கடந்ததும் முடி மெல்ல மிருதுவாகிப் படியத் தொடங்கியது. மகிழ வேண்டிய நான் கலங்கினேன். சொல்வதற்கு இருந்த ஒரே சாக்கும் நழுவிக்கொண்டிருந்தது. அப்போது நான் செய்ததை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது. நாள்தோறும் காலையில் முன்முடியை நனைத்து, பென்சிலில் சுற்றி, கிளிப் மாட்டிச் சுருட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெற்றியில் நான்கு பென்சில்கள் தொங்க நான் கண்ணாடி முன் நின்றபோது துணைவியார் உள்ளே வந்துவிட்டார்.

"இன்னாயா இது?"

பொய் ஒன்றும் அகப்படவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"முருகனையே ஏமாத்த பென்சில் கட்டிக்கினு நிக்கிறியா? முடி மொளைக்கணும்னு யார்யா வேண்டிக்கினா? உனுக்கு சக்கரை, பிரஷரு. ஆப்பரேசனுக்கு உள்ள இட்டுனு பூட்டாங்க. எட்டு மணி நேரம் வெளிய குந்திக்கினு இருந்தேன். ஆளு முழுசா வந்தா போதும்னு வேண்டிக்கினேன். உனுக்கு வேணாம்னா உடு, நான் போட்டுக்கிறேன் மொட்டை."

பென்சில்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

மறுவாரமே இருவரும் திருத்தணிக்கு ரயில் ஏறினோம். மொட்டை போடுமிடத்தில் கண்களை இறுக மூடியபடி அமர்ந்திருந்தேன். "பெர்சு, கண்ணத் தொற, எப்பவோ முடிச்சாச்சு" என்று அங்கிருந்தவர் தட்டி எழுப்பினார். சந்தனம் பூசிய என் தலையைப் பார்த்து, உருக்காலைக் காலத்தில் இருந்த ஆள் திரும்பி வந்துவிட்டதாகத் துணைவியார் சொன்னார்.

முடி மீண்டும் வளர்ந்துவிட்டது. சுருளின்றி, சீவினால் படிகிறது. ஆனால், உடன் வாழ்பவரிடம் ஒரு கேள்வி கேட்காமலே ஓராண்டு பயந்து திரிந்ததை எண்ணினால் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வருகின்றன. இப்போதெல்லாம் அவர் எந்தச் சாமி முன் கைகூப்பினாலும் எதற்கென்று கேட்டுவிடுகிறேன், பெரும்பாலும் ஒரு புன்னகையே விடையாகக் கிடைத்தாலும்.