மாமா கொண்டுவந்த திரை

எங்கள் வீட்டுக்கு லேப்டாப் வந்தபோது கேரள எல்லையோரப் பாறசாலையில் பாதிப் பேருக்கு அது என்ன சாமான் என்றே தெரியாது. துபாயில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த மாமா, அங்கே ஏதோ ஆபீசில் ஒதுக்கிப் போட்டதை வாங்கி அக்காவுக்காக, அதாவது என் அம்மாவுக்காக, கொண்டுவந்தார். நானோ அது எனக்குத்தான் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

அம்மா அதில் கல்யாணக்குறி அடித்துக் கொடுப்பாள். அழைப்பிதழுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மாப்பிள்ளை நெய்யாற்றின்கரை என்றால் பெண் களியக்காவிளைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில் இருக்கும். அதனால் குறியில் ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். பெரியவர்களின் பெயர்கள் இரண்டு பக்கத்திலும் ஒரே வரிசையில் வர வேண்டும். தாய்மாமன் ஒரு பக்கத்தில் மேலேயும் மறுபக்கத்தில் கீழேயும் போய்விட்டால் கல்யாணம் நடக்கும், பந்தியில் சண்டையும் நடக்கும். லேப்டாப்பின் பழைய திரையிலோ ஒரு பக்கம்தான் தெரியும். அம்மா அங்கும் இங்கும் நகர்த்தி நகர்த்திச் சரிபார்ப்பாள்.

அப்பா போனபிறகு அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் அந்த வருஷம் அம்மா எல்லாவற்றையும் தாமதமாகவே முடித்துக் கொடுத்தாள். அச்சகத்துக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். தனுவச்சபுரத்தில் கோர்ஸ் முடித்த ஒரு பெண் இருக்கிறாள், வேலையை அவளிடம் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டும்விட்டார். அம்மா பழியைத் தூக்கித் திரைமேல் போட்டாள்.

"எலே, இந்த ஸ்க்ரீன் பழசாக்கும். எழுத்தெல்லாம் பொடிஞ்சு கெடக்கு," என்று போனில் மாமாவிடம் சொன்னாள்.

மாமா அடுத்த லீவுக்கு வந்தபோது பெட்டிக்குள் கைலியில் சுற்றிய ஒரு திரை இருந்தது. அதே மாடலில் விலை கூடிய வகைக்கு வருகிற திரையாம். காலையில் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து வேலையைத் தொடங்கினார். கழற்றிய திருகாணிகளைப் பப்பட டப்பாவின் மூடியில் போட்டு, என்னை அதற்குக் காவல் வைத்தார். உள்ளே இருந்த தட்டையான வயரை அவர் நகத்தால் நெம்பி எடுக்கும்போது மூச்சுவிடக்கூட எங்களுக்கு அனுமதி இல்லை. பழையதில் புள்ளி குறைவு, இதில் கூடுதல், அதனால் அதே இடத்தில் நிறையக் கொள்ளும் என்று எனக்குப் பாடம் வேறு.

திரையில் வெளிச்சம் வந்தது. மலையாளமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில், ஒரு முழுக் கல்யாணக்குறி. எழுத்துகள் கடுகு மாதிரி இருந்தன. நான் குதித்தேன். அம்மா முந்தானையால் திரையை ஒருமுறை துடைத்தாள்.

"கொள்ளாம். நல்லா உண்டுலே," என்றாள்.

அன்று மத்தியானம் நெய்யாற்றின்கரைக்குத் துணி எடுக்கப் புறப்பட்டோம். பஸ் ஸ்டாப்பில் எனக்கு எப்போதும் ஒரு வேலை உண்டு. நான் படித்தது தமிழ் மீடியம். மலையாளம் வீட்டில் கற்றது. தூரத்தில் பஸ்ஸைக் கண்டதும் அம்மா, "எந்த பஸ்ஸு மக்கா?" என்பாள். நான் மலையாளப் போர்டைப் படித்துச் சொல்வேன். என் படிப்பைச் சோதிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். தப்பே விட்டதில்லை என்பதில் பெருமை வேறு. அன்று பஸ் எங்கள் முன்னால் வந்து நின்றே விட்டது. அப்போதும் கேட்டாள். நான் உரக்கச் சொன்னேன். மாமா பாராட்டுவார் என்று திரும்பினால், அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் எதைக் காட்டினாலும் தலையை ஆட்டினார். அன்று எடுத்த சேலையின் நிறம் கடைசிவரை யாருக்கும் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்தார். எதையெல்லாமோ அமுக்கி எழுத்தைப் பெரிதாக்கினார். மறுபடியும் பெரிதாக்கினார். தமிழ்ப் பக்கம் திரையைவிட்டு வெளியே போயே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. திங்கட்கிழமை வகுப்பில் போய் என்ன சொல்வது?

"பின்ன எதுக்கு மாமா புது ஸ்க்ரீன்?"

"சின்னதா வச்சா சூடாயிப் போவும் மக்கா. இத இப்படித்தான் வைக்கணுமாக்கும்."

திருகாணிக்குக் காவல் இருந்த என்னிடமே இப்படி ஒரு பொய். அம்மா வந்து உட்கார்ந்தாள். எழுத்துகள் பழைய திரையில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் படிக்கட்டு மாதிரித் தெரிந்த ஓரங்கள் போய், மலையாளச் சுழிகளெல்லாம் பேனாவால் எழுதினதுபோல் வழுவழுவென்று இருந்தன. அதை நானும் பார்த்தேன். ஒரு லாபமாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அம்மா திரையில் விரல்வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே போனாள். விளக்கு வைக்கும் முன்பே வேலை முடிந்தது.

"சாயா போடட்டாலே?" என்று கேட்டுக்கொண்டே அவள் எழுந்தாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "போடு அக்கா," என்றார்.

மறுநாள் பல்லைக் காட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் திருவனந்தபுரத்துக்குப் போனது கண்ணாஸ்பத்திரிக்கு. இது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அவர்களுடைய அப்பாவும் பார்வை மங்கத் தொடங்கியபோது யாரிடமும் சொல்லாமல், பஸ் ஸ்டாப்பில் மகனிடம் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். சின்ன வயதில் மாமாவும் அதைப் பரீட்சை என்றே நினைத்திருந்தாராம். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அம்மாமேல் இன்றும் எனக்கு ஒரு சின்னக் கோபம் உண்டு. அந்தத் திரையில் அவள் இன்னும் நெடுநாள் வேலை செய்தாள். தனுவச்சபுரத்துப் பெண்ணின் கல்யாணக்குறியே அம்மா அடித்ததுதான்.

லீவு முடிந்து மாமா திரும்பிப் போகிற அன்று, பெட்டியோடு அதே ஸ்டாப்பில் நின்றோம். தூரத்தில் பஸ் தெரிந்ததும் அவர் என் காதுப்பக்கம் குனிந்தார்.

"இனி அம்மா கேக்கியதுக்கு முன்னயே நீ சொல்லிரணும், கேட்டியா?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு படித்த மாமாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே. கேள்வி வரும் முன்பே பதிலைச் சொன்னால் யாராவது மார்க் போடுவார்களா? வாயை இறுக்க மூடிக்கொண்டு, அம்மா கேட்கட்டும் என்று காத்து நின்றேன்.