மாமன் மடிக்கு எத்தனை மதிப்பெண்

தியாகராய நகர் துணிக்கடை ஒன்றில் சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். சரக்கு லிஃப்ட் அறுந்தபோது துணி மூட்டைகளோடு நானும் விழுந்தேன். யாரோ என் காலை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். கண்ணால் பார்த்தேன், வலிக்கவே இல்லை. அதுதான் முதல் அறிகுறி.

தண்டுவடம் (மூளையின் சேதியைக் கால்களுக்குக் கொண்டுபோகும் நரம்புக் கற்றை) நசுங்கிவிட்டது. "இடுப்புக்குக் கீழ உணர்வு திரும்பும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் மருத்துவர். கையில் கிடைத்த தண்ணீர்ச் செம்பை அவர் மேல் எறிந்தேன். குறி தப்பியது. அவர் குனிந்து எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

ஒன்றரை ஆண்டு கழித்து, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு பெண் தாளோடு வந்தார். எங்களைப் போன்றவர்களை ஊர் எவ்வளவு ஒதுக்குகிறது என்று அளக்கும் கேள்விகள். இல்லை என்றால் பூஜ்யம், எப்போதும் என்றால் மூன்று.

"வீட்டு விசேஷத்துல உங்கள ஒதுக்கி வைக்கிறாங்களா?"

தங்கை தேவி பக்கத்தில் நின்றிருந்தாள். நான் இருப்பது அவள் வீட்டில். சோறு போடுவதும் கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) மாற்றுவதும் அவள்தான். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"மொத்தம் பூஜ்யம். குடுத்து வெச்சவர் நீங்க" என்றார் அந்தப் பெண்.

பச்சைப் பொய். என் தட்டு தனி, தம்ளர் தனி. தேவியின் கணவர் குமார் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் என் பக்கம் வருவார். உங்களிடமும் யாராவது அந்தத் தாளோடு வந்தால், வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் தேவியின் மூன்று வயது மகள் யாழினிக்குக் காதுகுத்து, மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். கூடப்பிறந்த மாமன் நான் ஒருவன்தான். குடும்பத்தில் எனக்கு மிச்சமிருந்த ஒரே வேலையும் அதுதான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மணையில் எங்கள் பெரியப்பா மகன் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா மச்சான் இது?" என்று குமாரிடம் கேட்டேன்.

"மூத்திரப் பைய மாட்டிக்கினு கீற. உன் மடில எப்டி கொயந்தைய குந்த வெக்கறது? நாலு பேரு இன்னா சொல்லுவாங்கோ?"

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மூட்டை தூக்கிய கை. சக்கர நாற்காலியோடு இருவரும் சாய்ந்தோம். வாயிலேயே குத்தினேன், அவர் பல் என் விரலைக் கிழித்தது. அவர் என் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினார். பை பிய்ந்து தரையெல்லாம் சிறுநீர். வந்திருந்தவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

தேவி தாம்பாளத்தால் கணவன் முதுகில் ஓங்கி அடித்தாள்.

"எயுந்துருய்யா! எங்கண்ணன் மடிலதான் எம்பொண்ணு குந்தும். இல்லாங்காட்டி காதே குத்த வேணாம்!"

என்னைத் தூக்கி உட்காரவைத்து, வேட்டியை மாற்றி, குழந்தையை மடியில் வைத்தாள். ஆசாரி ஊசியை அழுத்தினார். யாழினி அலறிக்கொண்டு என் புறங்கையைக் கடித்தாள். சுரீர் என்றது. விடாமல் பிடித்துக்கொண்டேன். குமார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

உணர்வில்லாத தோலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். புண் வந்தாலும் தெரியாது. மறுநாள் காலை பார்த்தேன். இரண்டு தொடையிலும் நீலம் பாரித்திருந்தது, குறுக்கே கொலுசு கிழித்த கோடுகள். அவ்வளவு உதைத்திருக்கிறாள். அவள் என் மடியில் உட்கார்ந்தது ஒரு நாள் பிந்தி, கண் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது.