திருச்செல்வத்தின் பன்னிரண்டாயிரம் வெள்ளி எங்கிருந்து வந்தது

திருச்செல்வம் முப்பத்தொரு ஆண்டு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். புதிய பாதையில் போகச் சொன்னால் கேள்வி கேட்காமல் சாவியைத் தொடமாட்டார். பாலம் எத்தனை டன் தாங்கும், நேற்று மழையா, எதிரே வண்டி வந்தால் எங்கே ஒதுங்குவது? அறுபத்து மூன்றாவது வயதில், மலேசியாவின் கோலா சிலாங்கூரில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்துகொண்டு, அதே வழக்கத்தோடு ஆஸ்திரேலிய விசாவை விசாரிக்கத் தொடங்கினார்.

காரணம் அவருடைய ஒரே மகள் விஷாலினி. பெர்த் நகரில் தாதி. 2024 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கணவன் லோகேஸ்வரனுக்குச் சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீடு. பிரசவத்துக்கு ஈப்போவிலிருந்து சம்பந்தியம்மா போய் மூன்று மாதம் இருந்தார். விஷாலினியின் விடுமுறையோ 2025 பிப்ரவரி 9ஆம் தேதியோடு முடிகிறது. குழந்தைக் காப்பகத்தில் ஜூலை நடுவில்தான் இடம். இடைப்பட்ட ஐந்து மாதம் குழந்தையை யார் பார்ப்பது? திருச்செல்வத்தின் மனைவி இறந்து ஏழு ஆண்டு ஆகிறது. "நான் பார்க்கிறேன்" என்றார் அவர்.

உணவுக்கடை ஹாஜா இதைக் கேட்டுத் தேத்தண்ணீரை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஆம்பளை போய்ப் பிள்ளை பார்க்கிறதா? செல்வம் அண்ணே, பாம்பர்ஸ் மாத்தத் தெரியுமா?"

"லோரி டயரே மாத்தியிருக்கேன் லா."

"சரி, விசாவுக்கு எதுக்கு அலையிறீங்க? கைப்பேசியிலேயே இருபது டாலர் கட்டினா மூணு மாசம் தர்றான். முடிஞ்சா பாலிக்குப் போய்த் தலையைக் காட்டிட்டுத் திரும்பி உள்ளே போங்க. எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க."

திருச்செல்வம் அன்று மாலை என்னிடம் வந்து கணக்குப் போடச் சொன்னார். பாலி விமானம் போக வர, இரண்டு இரவு தங்கல், சாப்பாடு என்று ஆயிரத்து நானூறு மலேசிய வெள்ளி வந்தது.

"அந்த மூணு நாள் பிள்ளையை யார் பார்ப்பாங்க?" என்றார். "திரும்பி வர்றப்போ உள்ளே விடலைன்னா?"

பாலி யோசனை அதோடு நின்றது. ஆகவே நீண்ட நாள் வருகை விசா என்று முடிவாயிற்று. அதற்கு 195 டாலர், அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 570 வெள்ளி. ஓராண்டு கேட்பதால் மருத்துவப் பரிசோதனையும் நெஞ்சுப் படமும். கோலாலம்பூரில் 420 வெள்ளி ஆனது. மருத்துவக் காப்புறுதி ஐயாயிரத்துச் சொச்சம். இதற்கெல்லாம் மேலாக, தங்கும் நாளில் கைச்செலவுக்குப் பணம் இருக்கிறது என்று வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும்.

அவர் சேமித்ததெல்லாம் கூட்டில் இருந்தது. எங்கள் பக்கத்தில் கூட்டு பிடிப்பது என்றால், பன்னிரண்டு பேர் மாதம் ஆயிரம் வெள்ளி போட்டு, மொத்தத்தையும் மாதம் ஒருவர் எடுப்பது. எழுத்து, முத்திரை எதுவும் கிடையாது. நடத்துகிறவர் மேல் உள்ள நம்பிக்கைதான். எங்கள் வீட்டு வரிசையில் நடத்துகிறவர் தனேஸ்வரி. பள்ளிச் சிற்றுண்டிச் சாலை வைத்திருப்பவர். அவசரம் உள்ளவர்கள் முதலில் எடுத்தார்கள். திருச்செல்வம் கடைசி, பன்னிரண்டாவது முறை. அக்டோபர் 5ஆம் தேதி பன்னிரண்டாயிரத்தை ரொக்கமாக வாங்கி, 7ஆம் தேதி அப்படியே வங்கியில் போட்டார். 28ஆம் தேதி, நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் போயிற்று.

நவம்பர் 11ஆம் தேதி ஆஸ்திரேலியக் குடிநுழைவுத் துறையிடமிருந்து பதில் கடிதம் வந்தது. பல மாதமாகச் சில நூறு வெள்ளிகளே இருந்த கணக்கில் திடீரென்று பன்னிரண்டாயிரம் எப்படி வந்தது? இருபத்தெட்டு நாளில் ஆதாரம் தர வேண்டும்.

"கடன் வாங்கிக் காட்டுறேன்னு நினைக்கிறான்" என்றார் திருச்செல்வம். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான். மறுத்துவிட்டால் மறுபடி விண்ணப்பித்துப் பிப்ரவரிக்குள் வாங்க முடியாது. மகள் வேலையை விட வேண்டியதுதான்.

இருவரும் தனேஸ்வரி வீட்டுக்குப் போனோம். அவரிடம் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. யார் எந்த மாதம் எடுத்தார், எதற்கு எடுத்தார் என்று எல்லாம் அதில் இருந்தது, கையெழுத்தோடு.

"அந்தப் புக்கை ஒரு நகல் எடுத்துக்கிறேன் தங்கச்சி."

"முடியாது அண்ணே." அவர் யோசிக்கவே இல்லை. "இதுல விமலா ஆபரேஷனுக்கு எடுத்தது இருக்கு. சசிகுமார் எதுக்கு எடுத்தான்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது. பன்னிரண்டு வீட்டுக் கதையையும் ஆஸ்திரேலியாக்காரன் படிக்கணுமா? அதோட, கூட்டு பிடிக்கிறது சட்டப்படி சரியா தப்பான்னு எனக்கே தெரியலை. நாளைக்கு யாராவது வந்து கதவைத் தட்டினா?"

"அப்ப என் பேத்தி?"

தனேஸ்வரி கையை நீட்டினார். எங்கள் கையில் இருந்த வங்கி அறிக்கையை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசித் தாளிலிருந்து பின்னோக்கிப் புரட்டினார்.

"மாசா மாசம் இந்த ஆயிரத்து நானூறு என்ன?"

"வாடகை. பழைய வீட்டை விட்டிருக்கேனே."

"அஞ்சாந்தேதி ஆயிரம் எடுத்திருக்கீங்க. இங்கயும் அஞ்சாந்தேதி. இங்கயும்." விரலால் தொட்டுக்கொண்டே போனார். "எனக்குக் கட்டினதுதானே இது? பன்னிரண்டு தடவை ஆயிரம் வெளியே போயிருக்கு. பன்னிரண்டாயிரம் உள்ளே வந்திருக்கு. என் புக்கு எதுக்கு அண்ணே? உங்க தாள்லயே இருக்கே லா!"

அந்தத் தாள்களை நான் மூன்று முறை சரிபார்த்து அனுப்பியிருந்தேன். ஒவ்வொரு மாதமும் கூட்டலைச் சோதித்தேனே தவிர, பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

ஆனாலும் அந்த ஆயிரங்கள் யாரிடம் போயின என்று ஒருவர் சொல்ல வேண்டும். தனேஸ்வரி நோட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எழுதுங்க. இவர் பணம், என்கிட்ட மாசம் ஆயிரம் கொடுத்து வச்சார், அக்டோபர்ல திருப்பிக் கொடுத்துட்டேன். அதுக்குமேல ஒரு வரி வேணாம். என் பேரு மட்டும் போடுங்க. கதவைத் தட்டினா நான் பார்த்துக்கிறேன்."

கையெழுத்துப் போட்டார், அடையாள அட்டை நகலையும் தந்தார். பன்னிரண்டு தேதிகளையும் தனித் தாளில் எழுதிச் சேர்த்து, நவம்பர் 18ஆம் தேதி அனுப்பினோம்.

டிசம்பர் 9ஆம் தேதி விசா கிடைத்தது. கேட்டது ஓராண்டு, கொடுத்தது ஆறு மாதம். திருச்செல்வம் நாட்காட்டியை வைத்து எண்ணினார். ஜனவரி 29இல் போனால் ஜூலை 29 வரை. காப்பகத்தில் இடம் ஜூலை 14. பதினைந்து நாள் மிச்சம். காப்புறுதியையும் ஆறு மாதத்துக்குக் குறைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 10, திங்கட்கிழமை மாலை என் கைப்பேசி அடித்தது.

"விஷா காலையில ஆறரைக்கு வேலைக்குப் போனா. லோகேஸ் சுரங்கத்துல இருக்கான். நானும் பிள்ளையும்தான்."

"அழுதாளா?"

"பிள்ளையா? இல்லை. விஷாதான் வாசல்லேயே நின்னுக்கிட்டு அழுதா. நேரமாச்சு, போம்மான்னு கதவைச் சாத்திட்டேன்." பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்தது. "பால் ஏழு மணிக்கு நூற்றிருபது மில்லி, பத்தரைக்கு நூறு. மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்கினா. பொறுங்க, எழுந்துட்டா."