சரசக்கா வீட்டுக்காரருக்கு வந்த சர்க்கரை

மருந்துக்கடையில் கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தலைவலி மாத்திரையைச் சத்தமாகக் கேட்பார்கள், மனசுக்கான மாத்திரை என்றால் சீட்டை மடித்து நீட்டுவார்கள்.

பாதி அட்டை

பத்தாவதில் பெயிலாகி, சிங்காநல்லூரில் ஒரு மெடிக்கலில் சேர்ந்தேன். சரசக்கா எங்களிடம்தான் வாங்குவார். மில்லை மூடியதிலிருந்து அவர் வீட்டுக்காரர் பேசுவதில்லை, பசி என்று சொல்வதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். டாக்டர் எழுதியது தினம் ஒரு மாத்திரை. அக்காவுக்குக் கட்டுபடியானது பாதி அட்டை. அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார். "இப்படிக் குடுத்தா கேக்காதுங்க்கா" என்று கத்தினேன்.

"தெரியுது கண்ணு. அடியோட நிறுத்திப்போட்டா மறுக்கா கெணத்துப் பக்கம் போயிருவாரு."

மாற்றித் தர முடியாத பை

அக்கா பாத்திரம் விளக்கும் வீட்டில் ஒரு தோப்புக்கார அம்மா. இருதயம், சர்க்கரை என்றால் யாருக்கும் உதவுவார். மனசு என்றால் ஆனைமலைக்குப் போய் அம்மனைக் கும்பிடச் சொல்வார். அதனால் அக்கா, "அவருக்குச் சர்க்கரைங்க" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா கையில் காசு தரவில்லை. அம்பாசிடரில் டிரைவரை அனுப்பி, பை நிறையச் சர்க்கரை மாத்திரையே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அக்கா அந்தப் பையை எங்களிடம் நீட்டி, மாற்றித் தரச் சொன்னார். வேறு கடையில் வாங்கியது, முதலாளி தொடவில்லை. "போய் நெசத்தைச் சொல்லுங்க" என்று எரிந்து விழுந்தேன். சொல்லியிருக்கிறார். மறுநாள் அந்த அம்மாவே காரில் எங்கள் கடைக்கு வந்து, அக்காவை அருகில் அழைத்தார்.

"மாத்திரைக்கு நான் குடுக்கறேன். ஊருக்குள்ள மட்டும் சர்க்கரைன்னே இருக்கட்டும் அம்மணி."

தாண்டிப்போன லட்டு

அதற்கப்புறம் முழு அட்டை, தினம் ஒரு மாத்திரை. அந்த அம்மா மகளுக்கு உடுமலைப்பேட்டையில் கல்யாணம். அக்கா வேலைக்குப் போனபோது வீட்டுக்காரரையும் கூட்டிப் போனார். பந்தியில் லட்டு வைத்தவர் அவர் இலையைத் தாண்டிப் போனார். மாசக்கணக்கில் எதுவுமே வேண்டும் என்று கேட்காத மனுசன் நிமிர்ந்து, "ஏனுங்க, எனக்கொண்ணு வைங்க" என்றிருக்கிறார். "உங்களுக்கு ஆகாதுங்க" என்று பக்கத்து இலைக்காரர்கள் அக்கறையாகத் தடுத்தார்கள். எதிரே நின்ற அந்த அம்மா வேறு பக்கம் பார்த்தார். இவர் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

அடுத்த அட்டை வாங்க வந்த அக்கா, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அவரே வாயத் தொறந்து கேட்டாரு கண்ணு, என்னால எடுத்து வெக்க முடியல."

இல்லாத வியாதிக்குப் பத்தியம் இருந்தால்தான் இருக்கிற வியாதிக்கு மாத்திரை கிடைக்கும் என்பது, நான் இதுவரை பாஸான ஒரே பாடம்.